பார்வதம் கேட்ட வார்டு

வேப்பந்தோப்பு நகரில் வேப்பமரமும் கிடையாது, தோப்பும் கிடையாது. நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, ஏரிக்கரை ஓரமாக நடந்தால் வருகிற இடம். எண்பதுகளின் தொடக்கத்தில் வெள்ளாங்குப்பம் ஊராட்சித் தலைவர் எத்திராஜ் தன் குடும்பத்து நெல் வயலை மனை மனையாகப் பிரித்து விற்றார். வாங்க வருகிறவர்களுக்குக் குளுகுளு என்று இருக்கட்டும் என்று அவரே வைத்த பெயர் அது. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்காரர்கள். திருநெல்வேலி, சேலம், ஆம்பூர், வேலூர் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் பிள்ளை குட்டிகளோடு காலம் தள்ளி, பி.எஃப். கடன் போட்டு ஆளுக்கொரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டவர்கள்.

பார்வதமும் அப்படி வந்தவள்தான். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்துக்கு வாக்கப்பட்டு, கல்யாணமான மறு மாதமே ஆவடிக்கு ரயிலேறியவள். புருஷன் குணசேகரன் ஃபேக்டரியில் ஃபிட்டர். நல்ல மனுஷன்தான், ஆனால் உடம்பு ஆவடியிலும் உயிர் ஊரிலும் இருக்கிற ரகம். காலையில் காக்கிச் சட்டையை மாட்டும்போதும் ஊர்ப் பேச்சு, சாயந்திரம் சைக்கிளை நிறுத்தும்போதும் ஊர்ப் பேச்சு. மனை வாங்கியதே பார்வதத்தின் பிடிவாதத்தால். "நாளைக்கே ஊருக்குப் போறவன் இங்க எதுக்கு வீடு கட்டணும்?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் அஸ்திவாரத்துக்குச் செங்கல் இறக்கிவிட்டாள்.

எண்பத்தைந்து மழையில் ஏரி வழிந்து நகருக்குள் வந்தது. வந்த தண்ணீர் வாரக்கணக்கில் போகவில்லை. வாய்க்கால் வெட்டச் சொல்லலாம் என்று பார்வதமும், எதிர்வீட்டு ஜமீலாவும், பின் தெரு தாட்சாயிணியும் புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைவரைத் தேடிப் போனார்கள். ஊராட்சிக்கு ஆபீஸ் என்று ஒரு கட்டடம் இருந்தது, அதில் உரமூட்டைகள் இருந்தன. கூட்டம் எல்லாம் எத்திராஜின் பம்புசெட் கொட்டகையில்தான். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் யார் என்ன பேசினார் என்று யாருக்கும் கேட்காது. அதனால் வெள்ளாங்குப்பத்தில் எந்தத் தீர்மானமும் தோற்றதில்லை.

எத்திராஜ் கெட்டவரில்லை. மூன்று பேருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார், மோட்டாரைக்கூட நிறுத்தினார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. உங்க நகர்ல ஊடு கீது, ஜனம் கீது, ஒத்துக்கறேன். ஓட்டு எங்க கீது?"

பார்வதம் மோர்த் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். அவர் சொன்னது உண்மை.

வேப்பந்தோப்பு நகர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வீடு இங்கே, ஓட்டு ஊரில். ரேஷன் கார்டைக்கூட மாற்றிக்கொண்டார்கள், ஓட்டை மாற்றவில்லை. மாற்றினால் ஊரை விட்டுப்போனதாக ஆகிவிடுமாம். ஊரில் கோயில் வரியும் ஓட்டும் இருக்கிறவரைக்கும் மனுஷன் ஊர்க்காரன் என்பது அவர்கள் கட்சி. தேர்தல் வந்தால் லீவு போட்டு, முறுக்கு கட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு எழும்பூரிலோ சென்ட்ரலிலோ ரயிலேறிவிடுவார்கள். அன்றைக்கு வேப்பந்தோப்பு நகரில் நாய்களும் வீடு காவலுக்கு வந்த மாமியார்களும்தான் இருப்பார்கள்.

ஊராட்சியின் வார்டுகள் எல்லாம் பழைய ஊரைச் சுற்றியே பிரிந்திருந்தன. பெரிய தெரு ஒரு வார்டு, குளத்துமேடு ஒரு வார்டு, காலனி ஒரு வார்டு என்று போய், நாலாவது வார்டுக்கு 'ஏரிக்கரைத் தெரு மற்றும் சுற்றுப்பகுதிகள்' என்று பெயர். அந்தச் சுற்றுப்பகுதிதான் வேப்பந்தோப்பு நகர். ஏரிக்கரைத் தெருவில் இருந்ததைப்போலப் பல மடங்கு வீடுகள் சுற்றுப்பகுதியில் இருந்தன. எண்பத்தாறு உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்த நாலாம் வார்டு மெம்பர் மாலையும் மேளமுமாக நன்றி சொல்ல வந்தபோது, நகர் தொடங்குகிற சின்னப் பாலத்தடியில் நின்று மேளக்காரர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. நன்றி சொல்ல அங்கே ஆளில்லை. எல்லோரும் ஊரிலிருந்து அப்போதுதான் ரயிலேறியிருந்தார்கள்.

அந்தத் தேர்தலுக்குப் பார்வதமும் குணசேகரனோடு ஊருக்குப் போயிருந்தாள். மூத்தார், அதாவது குணசேகரனின் அண்ணன் பால்ராஜ், வரிசையிலேயே வந்து எந்தச் சின்னம் என்று சொல்லிக்கொடுத்தார், அவளும் குத்திவிட்டு வந்தாள். சாயந்திரம் தெருவில் நின்றபோது முனையில் ஒரு டியூப்லைட் எரிவதைப் பார்த்தாள். யார் போட்டது என்று கேட்டாள். போன தடவை ஜெயித்த எம்.எல்.ஏ. போட்டது என்றார்கள். போன தடவை அவருக்கும் இவள் ஓட்டுப் போட்டிருந்தாள். வருஷத்தில் ரெண்டு தடவை பார்க்கிற தெருவுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, தினமும் நடக்கிற தெருவில் டார்ச் பிடித்துக்கொண்டு போகிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. திரும்பி வரும்போது ரயிலில் குணசேகரனிடம் சொன்னாள். அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அதுக்குன்னு ஊர் ஓட்டை விட்ருவாங்களா?" என்று கேட்டுவிட்டு ஜன்னலோரம் தூங்கிப்போனார்.

அப்புறம் வருஷங்கள் ஓடின. தொண்ணூற்றொன்றில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர் வந்தார். எத்திராஜ் தலைவர் இல்லை, ஆனாலும் எல்லோரும் தலைவர் என்றே கூப்பிட்டார்கள். பார்வதத்தின் மகன் ஓசூரில் வேலைக்குப் போனான். மகள் புஷ்பாவைக் கள்ளிக்குப்பத்தில் கட்டிக்கொடுத்தாள் பார்வதம். நினைத்தால் பஸ் ஏறிப் பேத்தியைப் பார்த்துவிட்டுச் சாயந்திரம் திரும்பிவிடலாம். வீட்டுப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தாள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் வந்தது, ஒவ்வொரு முறையும் சுவரில் கறை ஒரு கோடு ஏறியது.

தொண்ணூற்று நாலில் ஊராட்சிகளுக்குப் புதுச் சட்டம் வந்தது. வார்டுகளைத் திரும்பப் பிரிக்கப்போகிறார்கள், கிராமசபை நடத்தியே ஆகவேண்டும், மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். பார்வதம் பேப்பரை ரெண்டு தடவை படித்தாள். குணசேகரனோ அப்போது வேறு கணக்கில் இருந்தார். தொண்ணூற்றாறு ஜனவரியில் அவருக்கு ரிடையர்மெண்ட்.

"ஏட்டி, அண்ணன் மேலத்தெருவுல எடம் ஒதுக்கித் தாரேன்னு சொல்லிட்டாவ. இந்த வீட்டை வித்துட்டு ஊரோட போயிருவோம். இங்க என்ன இருக்கு? மழை பெஞ்சா தண்ணி, பெய்யலேன்னா கொசு" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"நான் வரலை."

"வராம? தனியா இருப்பியோ?"

"தண்ணிக்கு வழி பண்ணிட்டா இருப்பீங்களா?"

"யாரு பண்ணுவா? நமக்கு இங்க மெம்பர் உண்டா, வார்டு உண்டா?"

"வந்துச்சுன்னா?"

குணசேகரன் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் பார்வதத்துக்குப் பொறுக்கவில்லை. "வார்டு வரட்டும், இந்த வீட்டுலயே சாவுதேன். வரலேன்னா தையோட மூட்டை கட்டணும்" என்றார் அவர், குழம்பை ஊற்றச் சொல்லிக்கொண்டே. விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, பார்வதம் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டாள்.

தொண்ணூற்றைந்து கடைசியில் வார்டுகளின் வரைவை ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். பார்வதம் கூட்டத்தில் முண்டியடித்துப் படித்தாள். பெரிய தெரு, குளத்துமேடு, காலனி, ஏரிக்கரைத் தெரு மற்றும் சுற்றுப்பகுதிகள். சட்டம் புதுசு, வார்டு பழசு. பால் ஊற்ற வந்த குப்பம்மா, பழைய ஊர்க்காரி, பெரிய தெருவில் பிறந்து பெரிய தெருவிலேயே மாடு வளர்ப்பவள், பார்வதத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா பார்வதம்மா, மூஞ்சி இப்டி கீது?" என்று கேட்டாள். விஷயத்தைக் கேட்டதும், "ஆட்சேபம் இருந்தா சொல்லலாம்னு கீழ எழுதிக்கிறானாமே. சொல்லேன். வாய் இல்லியா உனுக்கு?" என்றாள்.

சொன்னாள். நகர் முழுக்கக் கையெழுத்து வாங்கி, எங்கள் பகுதியைத் தனி வார்டாக்க வேண்டும் என்று மனு எழுதி, ஒன்றிய அலுவலகத்தில் நடந்த விசாரணைக்குப் போனாள். கூட ஜமீலாவும் தாட்சாயிணியும், குணசேகரனும் நாலைந்து ஆண்களும். ஆண்கள் ஃபேக்டரி சங்கத்தில் பேசிப் பழகியவர்கள். அவர்கள் பேசட்டும் என்று பெண்கள் பின்னால் நின்றார்கள். பேசவும் செய்தார்கள், பிரமாதமாகப் பேசினார்கள். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எத்திராஜைப் பார்த்தார். எத்திராஜ் மெதுவாக எழுந்தார்.

"ஐயா, இந்த அண்ணாத்தைங்க எல்லாரையும் எனுக்குத் தெரியும். என் நெலத்துலதான் ஊடு கட்டிகினு கீறாங்க. நல்லவங்க. ஆனா இதுல ஒருத்தர்கூட இந்த ஊர் ஓட்டர் இல்லை. இவங்க ஓட்டு திருநெல்வேலில கீது, சேலத்துல கீது. வெள்ளாங்குப்பத்து வார்டைப் பத்தி இவங்க இன்னா சொல்றது?"

அதிகாரி வாக்காளர் பட்டியலைப் புரட்டினார். மனுவில் இருந்த பெயர்களில் ஒன்றுகூட அதில் இல்லை. "ஆட்சேபம் சொல்ல இந்த ஊராட்சி வாக்காளராக இருக்கணும்" என்று மனுவை ஓரமாக வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பார்வதத்தைப் பார்த்து, "இப்ப பேர் சேர்க்கறதுக்கு மனு வாங்கறாங்க. இறுதி செய்யறதுக்கு முன்னாடி இன்னொரு விசாரணை இருக்கும். அதுக்குள்ள வாக்காளரா வாங்க, கேட்கறேன்" என்றார்.

வெளியே வந்ததும் ஆண்கள் டீக்கடையில் கூடி அரசாங்கத்தைத் திட்டினார்கள். ஊர் ஓட்டை எடுப்பதா, அது மட்டும் நடக்காது என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். பார்வதம் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பத்து வருஷத்துக்கு முன் எத்திராஜ் மோர் கொடுத்துக் கேட்ட அதே கேள்வி, இப்போது அதிகாரி முன்னால். இவர்கள் இன்னும் பத்து வருஷம் இதே டீயைக் குடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. நடந்து வரும்போது ஜமீலாவிடம் கேட்டாள்.

"ஓட்டு ஆம்பளைங்களுக்கு மட்டுமா இருக்கு?"

ஜமீலா நின்றுவிட்டாள். ஆம்பூரில் அவள் பெயரும், சங்கரன்கோவில் பக்கம் பார்வதம் பெயரும், வேலூர்ப் பக்கம் தாட்சாயிணி பெயரும் இருந்தன. அவை எல்லாம் புருஷன்மார்களின் ஊர்கள். பெண்கள் பிறந்த ஊர்கள்கூட இல்லை. விட்டுக்கொடுக்க முடியாத சொந்தம் என்று பெண்களுக்கு அங்கே என்ன இருந்தது?

"அவுங்க ஓட்டு அங்கயே கிடக்கட்டும். நம்ம ஓட்டை நாம இங்க கொண்டாந்துருவோம்" என்றாள் பார்வதம்.

அவ்வளவுதான், தீ பற்றிக்கொண்டது. ஒரு தெருவில் குழாயடியில் பேசினார்கள், இன்னொரு தெருவில் சீட்டுப் பிடிக்கிற வீட்டில் பேசினார்கள். பேச்செல்லாம் ஆண்கள் முதல் ஷிப்டுக்குப் போனபிறகுதான். தாட்சாயிணிக்கு எழுத்து முத்து முத்தாக இருக்கும், அவள் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து மனு எழுதினாள். ஊரில் பெயரை நீக்கச் சொல்லும் மனுவும் அதோடு போனது. சில வீட்டில் அழுகை, சில வீட்டில் சண்டை. ஒருத்தியின் மாமியார், "என் மவனைப் பிரிக்கப் பார்க்கிறியா?" என்று கேட்டாளாம். ஓட்டைத்தான் பிரிக்கிறேன் அத்தை என்றாளாம் மருமகள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே இன்னும் பல வீடுகள் சேர்ந்தன.

குணசேகரனிடம் பார்வதம் மறைக்கவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்ட அன்றே சொன்னாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பல நாள் அவளோடு பேசவில்லை. தை வந்தது, ரிடையர் ஆனார், மாலையும் வாட்சும் கொடுத்தார்கள். விசாரணை முடியட்டும் என்று பார்வதம் கேட்டுக்கொண்டதால் மூட்டை கட்டும் பேச்சைத் தள்ளிவைத்தார். ஆனால் தினமும் பகலில் வீட்டில் உட்கார்ந்து முருங்கை மரத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். பால்ராஜ் ஊரிலிருந்து தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து, "குடும்பத்தோட ஊரை வெட்டிவிட்டுட்டியளோ?" என்று கேட்டபோது அவருக்கு அவமானமாக இருந்தது. "நான் வெட்டலை அண்ணே. என் ஓட்டு அங்கதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். பார்வதத்துக்கு அது வலித்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் கோடையில் பொதுத்தேர்தல் வந்தது. வழக்கம்போல ஆண்கள் ரயிலேறினார்கள், முதல் தடவையாகத் தனியாக. முறுக்கு கட்டிக்கொடுக்கவும் ஆளில்லை. மறுநாள் காலையில் வெள்ளாங்குப்பம் பள்ளிக்கூடத்து வாசலில் பழைய ஊர்க்காரர்கள் ஒரு காட்சியைப் பார்த்தார்கள். பாலத்தைத் தாண்டிப் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நல்ல புடவை கட்டி, பூ வைத்து, சிலர் இடுப்பில் குழந்தையோடு. எத்திராஜ் தன் ஸ்கூட்டரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற குப்பம்மாவிடம், "இன்னா குப்பு, கல்யாணமா?" என்றார். "ஓட்டு எங்க கீதுன்னு கேட்டியாமே நைனா. அதோ வருது பார்" என்றாள் குப்பம்மா. அவள் தலைவரிடம் அப்படிப் பேசுவாள் என்று அதுவரைக்கும் அவளுக்கே தெரியாது.

இரண்டாவது விசாரணை நடந்தபோது பெண்கள் யாரையும் முன்னால் விட்டுப் பின்னால் நிற்கவில்லை. பார்வதமே பேசினாள். எங்கள் பகுதிக்குத் தனி வார்டு வேண்டும், ஏரிக்கரைத் தெருவோடு சேர்த்தால் அங்கே உள்ள தேவை வேறு, இங்கே உள்ள தேவை வேறு, மழை வந்தால் மூழ்குவது நாங்கள், எங்களுக்காகக் கேட்க எங்களில் ஒரு ஆள் வேண்டும் என்றாள். சங்கத்துப் பேச்சுப்போல இல்லை, ஆனால் பேசி முடித்தபோது அவள் குரல் நடுங்கவில்லை.

எத்திராஜ் இந்தத் தடவையும் எழுந்தார். லிஸ்டைக் கையில் வைத்திருந்தார்.

"ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க. வேப்பந்தோப்பு நகர் ஓட்டுல பொம்பளைங்க பேரா கீது. ஆம்பளைங்க ஒண்ணு ரெண்டு பேர்தான். இது இன்னாய்யா ஊரு? இந்தம்மா ஊட்டுக்காரரே இந்த லிஸ்ட்டுல இல்லை. சொந்த ஊட்டுக்காரரையே இந்த ஊர்னு ஒத்துக்க வைக்க முடியாதவங்களுக்கு எதுக்குத் தனி வார்டு?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. குணசேகரன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார், தலை குனிந்தது. பார்வதத்துக்கு முகம் எரிந்தது. இத்தனை மாத அலைச்சலும் அந்த ஒரு கேள்வியில் கரைந்துவிடும்போல இருந்தது. அதிகாரியின் மேசைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"அவரு ஓட்டு அவரு இஷ்டம் ஐயா. நான் அவருக்காகக் கேட்க வரலை. என் ஓட்டுக்குக் கேட்க வந்திருக்கேன். இங்க நிக்கிற ஒவ்வொருத்தரும் அப்படித்தான். ஓட்டர் வந்து கேட்டா கேப்பேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்திராஜைப் பார்த்து, "வாக்காளர்னா வாக்காளர்தாங்க. அதுல மீசை வெச்சவங்க எத்தனை பேர்னு சட்டம் கேட்கலை" என்றார். ஊராட்சி வரைபடத்தை வாங்கினார், பென்சிலால் பாலத்திலிருந்து ஏரித் தண்ணீர் வழிந்தோடுகிற கலங்கல் வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். அன்று உத்தரவு வரவில்லை. ஆனால் பிறகு சுவரில் ஒட்டிய இறுதிப் பட்டியலில் ஐந்தாவது வார்டு: வேப்பந்தோப்பு நகர். சுற்றுப்பகுதி கிடையாது, மற்றும் கிடையாது, பெயர் மட்டும்.

அந்தத் தாளின் முன்னால் பெண்கள் நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே. ஜமீலா விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தடவினாள். தாட்சாயிணி அழுதாள். ஐந்தாவது வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று கொஞ்ச நாளில் இன்னொரு தாள் வந்தபோது குப்பம்மா, "இனிமே இன்னா, நீயே நில்லு" என்று பார்வதத்தின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

வீட்டில் குணசேகரன் கணக்கை மாற்றினார். "வார்டு வந்தாப்ல ஆச்சா? தலைவர் வீட்டுலேர்ந்து ஒரு ஆளை நிறுத்தி ஜெயிக்க வச்சுருவாவ. அப்புறம் பழைய கதைதானே?" என்றார். பார்வதத்துக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அதிலும் உண்மை இருந்தது. எத்திராஜ் தன் கொழுந்தியாள் லோகநாயகியை நிறுத்தியிருந்தார். மறுநாள் பார்வதம் மனுத்தாக்கல் செய்தாள்.

அதே வாரம் ஊரிலிருந்து பால்ராஜ் போன் செய்தார். அவரே தலைவர் பதவிக்கு நிற்கிறார், கடும் போட்டி, ஒரு ஓட்டுக்கூட விடக்கூடாது, தம்பி முன்னாடியே வந்துவிட வேண்டும் என்றார். ரெண்டு ஊரிலும் ஒரே நாள் ஓட்டுப்பதிவு. குணசேகரன் டிக்கெட் எடுத்துவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தார். பார்வதம் பார்த்தாள். பிரச்சாரத்துக்குப் போய்விட்டாள்.

அவளுக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. பெண்கள் ஆளுக்கொரு சீப்பைத் தலையில் செருகிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். எத்திராஜ் வழியில் குணசேகரனைப் பார்த்து, அவருடைய வழுக்கையைக் காட்டி, "அண்ணாத்தே, உனுக்கும் உன் ஊட்டுச் சின்னத்துக்கும் சம்பந்தமே இல்லியே" என்றார். குணசேகரன் வழக்கமாக இதற்குச் சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. லோகநாயகிக்கு ஜீப்பும் மைக்கும் இருந்தன. பார்வதத்துக்குக் குழாயடி இருந்தது. என்ன செய்வாய் என்று கேட்டவர்களிடம், கலங்கலிலிருந்து வாய்க்கால் வெட்டுவேன், பம்புசெட் கொட்டகையில் கூட்டம் நடத்த விடமாட்டேன் என்று ரெண்டே ரெண்டு மட்டும் சொன்னாள்.

ரயில் கிளம்ப வேண்டிய சாயந்திரம் அவள் பிரச்சாரத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வீடு பூட்டியிருக்கும் என்று நினைத்தாள். கதவு திறந்திருந்தது. குணசேகரன் உள்ளே தரையில் உட்கார்ந்து வாக்காளர் சிலிப்புகளைத் தெருவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ரயிலு?" என்றாள்.

"போயிருக்கும்."

"உங்க ஓட்டு?"

"இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. ஒரு தடவ போடலேன்னா உசுரா போயிரும்?" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "பின் தெரு சிலிப்பை எங்க வச்சே?"

ஓட்டுப்பதிவு அன்று பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் சிலிப் எழுதிக்கொடுத்தார். இருபத்தைந்து வருஷமாக ஒரு தேர்தலையும் விடாமல், காய்ச்சலோடுகூட ரயிலேறியவர் அந்த மனுஷன். மழை தூறியது, குடையைச் சிலிப்புகளுக்குப் பிடித்தார், தான் நனைந்தார். வரிசை நகர நகர அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேர் இல்லாத வரிசை அது.

ஒன்றிய அலுவலகத்தில் எண்ணினார்கள். சீப்புச் சின்னத்துச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாக அடுக்கியபோதே லோகநாயகியின் ஏஜெண்ட் எழுந்து வெளியே போய்விட்டார். வெளியே ஜமீலா குலவையிட்டாள். அவளுக்குக் குலவை எங்கே தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. எத்திராஜே மாலை வாங்கி வந்தார். அவரும் தலைவர் பதவிக்கு ஜெயித்திருந்தார், கொஞ்ச வித்தியாசத்தில். "மெம்பரம்மா, இனிமே ஆபீஸ்லதான் கூட்டம். உரமூட்டையை நாளைக்கே எடுக்கச் சொல்லிட்டேன்" என்றார். தோற்கத் தெரிந்தவர், அதனால்தான் அத்தனை வருஷம் தலைவராக இருந்தார் என்று தோன்றும். பார்வதத்தைப் பாலம் வரைக்கும் மேளத்தோடு கூட்டிவந்தார்கள். மேளம் பாலத்தைத் தாண்டி உள்ளே வந்தது, எல்லாத் தெருவுக்கும் வந்தது.

குணசேகரன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஊருக்குப் பேசிவிட்டு வந்தார். பால்ராஜும் ஜெயித்துவிட்டார். கடும் போட்டி ஒன்றும் இல்லையாம், எதிராளி டெபாசிட்கூட வாங்கவில்லையாம். தம்பி வராததை அண்ணன் கவனிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் பார்வதம் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குளித்து விபூதி பூசி, சட்டைப் பையில் பேனாவோடு குணசேகரன் வந்து நின்றார்.

"மெம்பரம்மாகிட்ட ஒரு மனு" என்றார்.

"என்ன மனு?"

"எம்பேரை இந்த ஊர்ல சேக்கணும். என்ன எழுதணும், யார்ட்ட குடுக்கணும்னு தெரியலை. ஊர்ல பேரை எடுக்கணும்னும் எழுதணுமாம்லா?"

பார்வதத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்தாள். சிரிப்பும் வந்தது, அதை அடக்கிக்கொண்டு முகத்தை மெம்பர்போல வைத்துக்கொண்டாள்.

"தாட்சாயிணி எழுதித் தருவா. சாயந்திரம் வாங்க" என்றாள். "இப்ப கலங்கல்கிட்ட வாய்க்கால் எங்க வெட்டறதுன்னு பார்க்கணும். கூட வாரீங்களா?"

குணசேகரன் செருப்பை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.